கத்தரிப்பூ நிறம்

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்து பெஞ்சில் அவள் அந்தக் குழாயை மடியில் கிடத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அட்டைக் குழாய். கூரியரில் வந்தபோது ஒட்டியிருந்த டேப் இரண்டு முனையிலும் அப்படியே இருந்தது. உள்ளே இருக்கும் போட்டோவை அவள் இன்னும் பார்க்கவில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. பிரித்துவிட்டால் போயிற்று. நீங்களே கலரை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

போன தடவை அப்படித்தான் சொன்னார்கள். மகன் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டியிருந்தாள். ஓடைத் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் ஓடுகிற படம். அதிகாரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். செல்லிலேயே எந்தக் கலருக்கும் மாற்றலாமே அம்மா, இதை வைத்து நான் என்ன செய்வது என்றார்.

நேரில் வந்து பார்க்கச் சொன்னாள். வந்தார்கள். வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஜீப்பில்.

சாயப்பட்டறைக்காரர்கள் கழிவைத் திறந்துவிடுவது விடிவதற்கு முன்னால். ஜீப் வந்தபோது ஓடை ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கிடந்தது. வந்தவர்கள் இளநீர் கேட்டார்கள். குடித்துவிட்டுப் போனார்கள்.

அவளுடைய கிணறு ஓடைக்கரையில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் மாடு வாய் வைப்பதில்லை. அடுத்த முறை ஆதாரம் இல்லாமல் வந்தால் மனுவை முடித்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் போட்டோக்காரர் வந்து வாய்த்தார். சென்னைக்காரர். ஊர் ஊராகப் போய்த் தெருவையும் மனிதர்களையும் எடுக்கிறவர். அவர் கழுத்தில் தொங்கியதைப் பார்த்ததுமே அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கேமராவில் எடுத்த படத்தை யார் பொய் என்று சொல்லிவிட முடியும்?

எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். விடியும்போது அவள்தான் கூட்டிப்போனாள். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் நுரைகட்டி ஓடிக்கொண்டிருந்தது.

கிணற்றைப் பற்றிச் சொன்னாள். மாட்டைப் பற்றி, மனுவைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கிழக்கே பார்த்தபடி தலையாட்டினார். பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நிற்க முடியுமா, அப்போதுதான் படம் நன்றாக வரும் என்றார்.

இறங்கினாள். கணுக்கால் எரிந்தது.

"வெளிச்சம் போயிரும்மா. அசையாம நில்லுங்க."

நின்றாள்.

பெரிதாக பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன் என்றார். மறக்காமல் அனுப்பியும் வைத்தார். நல்ல மனிதர்தான்.

"மயிலாத்தா யாரும்மா?" என்று பியூன் கூப்பிட்டார்.

எழுந்து போய்க் குழாயை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். டேப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"நானும் இன்னும் பாக்கலைங்க சார். நீங்களே பிரிங்க."

அவர் பிளேடால் கீறினார். படத்தை உருவி மேசையில் விரித்தார். ஒரு முனையை அவர் அழுத்திப் பிடித்தார். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

கறுப்பு வெள்ளை.

தண்ணீர் வெள்ளியாகத் தகதகத்தது. நுரை வெள்ளை வெளேரென்று பூத்து மிதந்தது. கரைமரத்தின் நிழல் அதன்மேல் கறுப்பாக, நீளமாக விழுந்திருந்தது. நடுவில் ஒருத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். எரிச்சல் தாங்காமல் கண்ணை மூடியிருந்தாள். படத்தில் அது சாமி கும்பிடுவதுபோல இருந்தது.

அவளுக்கே ஒரு கை அள்ளிக் குடிக்கலாம் போலத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இதையே கலரில் கேட்டு வாங்கலாம். ஆனால் அதைப் பிறகு ஏற்றிய கலர் என்பார்கள். அப்படிச் சொல்வதற்கு இனி இந்தப் படத்தையே காட்டுவார்கள்.

அதிகாரி எழுந்து நின்று பார்த்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதிகாரியின் முகத்தில் கேலி எதுவும் இல்லை. உண்மையிலேயே அவருக்குப் பிடித்திருந்தது.

"இதுவாம்மா உங்க ஓடை? ஞாயித்துக்கெழம பிள்ளைங்களக் கூட்டிட்டு வரலாம் போலருக்கே."

அவள் பிடித்திருந்த முனையை விட்டாள். படம் சுருண்டு அவர் கையோடு போய்ச் சேர்ந்தது.

"வாங்க சார்," என்றாள். "பிள்ளைங்களச் செருப்பக் கழட்டிப்போட்டுட்டு எறங்கச் சொல்லுங்க. அப்பத்தான் படம் நல்லா வருமாமுங்க."