முதல் பக்கத்தில் கொலைகாரன்

தாம்பரத்தில் ரயில் கிளம்பியது.

"இப்ப என்ன புக் படிக்கிறீங்க? நல்லாயிருந்தா சொல்லுங்க" என்றார் கங்காதரன்.

"படிக்கிறது எங்கம்மாதான் சார். லெண்டிங் லைப்ரரி மர்ம நாவல். முன்னாடி படிச்ச எவனோ முதல் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு பென்சில்ல எழுதி வெச்சுடறான்" என்றார் அரிகிருஷ்ணன்.

அந்த எவனோ கங்காதரன்தான். தலை தானாகக் குனிந்தது.

"கையில கிடைச்சா உதைப்பீங்களா?"

"கும்பிடுவேன். அம்மாவுக்கு ஹார்ட் வீக். திடீர் அதிர்ச்சி ஆகாது. அவன் எழுதின புக்காப் பார்த்துத்தான் எடுத்துத் தர்றேன். இப்ப படிக்கிறதுல டாக்டர்தான் கொலைகாரனாம். இன்னைக்குக் கடைசி அத்தியாயம்."

குரோம்பேட்டை வந்ததும் கங்காதரன் பதறி எழுந்தார்.

"உங்க வீட்ல போன் இருக்கா சார்?"

அந்த ஒரு புத்தகத்தில் மட்டும், வேடிக்கைக்காக, ஆளை மாற்றி எழுதியிருந்தார்.