உள்ளங்கால்

சர்க்கரை நோய் விழிப்புணர்வு மன்றத்தின் நிரந்தரத் தலைவர் சிற்சபேசன், அடுத்தவர் பாதங்களைக் காப்பது பற்றி மேடைதோறும் முழங்குவார். தம் பாதத்தைக் காட்ட, மனைவி மரகதத்தின் நச்சரிப்பால் இன்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் நைலான் இழை டாக்டரம்மா கையில் இருந்தது.

“கண்ணை மூடிக்குங்க. நான் தொடுறப்போ சொல்லுங்க.”

“ம்... ம்... பேஷா தெரியுது” என்று தலைமையுரைக் குரலில் சொல்லிக்கொண்டே போனார் தலைவர். டாக்டர் இன்னும் தொடவே இல்லை.

மரகதத்துக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. கல்யாணமான புதிதில் இந்த மனிதரை எழுப்ப உள்ளங்காலில் ஒரு விரல் போதும். கட்டில் அதிரத் துள்ளி, “ஐயோ, விடுடி!” என்று கெஞ்சுவார். அந்தக் கெஞ்சலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

“நான் தொடட்டுமா டாக்டர்?”

டாக்டர் விலகி இடம் விட்டார். மரகதம் குனிந்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை நகத்தால் மெதுவாகக் கோடு இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள், கொஞ்சம் அழுத்தி.

சிற்சபேசன் கண்ணைத் திறக்கவில்லை. வரப்போகும் சிரிப்பை உதட்டோரம் அடக்கிக்கொண்டு, காலை இன்னும் நன்றாக நீட்டினார்.

“என்ன மரகதம், இன்னும் ஆரம்பிக்கலையா?”