கிண்ணத்தில் ஒரு துண்டு ஈரல்

ஈரலைப் பார்த்த மாத்திரத்திலேயே ஆடு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுவார் லத்தீப் பாய். ஆம்பூரில் முப்பது வருஷமாகக் கறிக்கடை. அவருடைய ஈரலில்தான் ஹெபடைடிஸ் சி கிருமி குடியேறி, எந்த மருந்துக்கும் அடங்காமல் இருந்தது. இப்போது புது மருந்து ஒன்று வந்திருக்கிறது. மனுஷர் யாருக்கும் இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை.

டாக்டர் பூங்கோதை இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு, உயிரோடு.

"ரெண்டும் உங்க ஈரல்தான் பாய். உங்க ரத்தத்துலேர்ந்து வளர்த்து, உங்க கிருமியையே ரெண்டுலயும் ஏத்தினோம். ஒண்ணுக்கு மட்டும் நாற்பது நாளா அந்த மருந்தைக் கொடுத்தோம்."

அவர் ரிப்போர்ட்டைத் திறப்பதற்குள் பாய் குனிந்துவிட்டார். இடப்பக்கத்துத் துண்டு வெளிறி, மேலெல்லாம் சொரசொரவென்று இருந்தது. அப்படி ஒன்றைக் கடையில் தொங்கவிடவே மாட்டார். வலப்பக்கத்தது கருஞ்சிவப்பாக, வழவழவென்று மின்னியது.

"இதுக்குத்தானே கொடுத்தீங்க?"

டாக்டர் அசந்துபோய்த் தலையாட்டினார். "ஆனா கிண்ணத்துல நடந்தது உடம்புலயும் நடக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது பாய். வேற என்ன பண்ணும்னும் தெரியாது."

பாய் நிமிரவில்லை. ஆயிரக்கணக்கான ஈரலை அறுத்த கை, அந்தக் கண்ணாடியைத் தொடக்கூடத் துணியாமல் அந்தரத்தில் நின்றது.

மனைவி ஷம்ஷாத் அவர் தோளைப் பிடித்தாள். "வேணாங்க. முதல் ஆளா நீங்க ஏன் போகணும்? வேற யாராவது போகட்டும்."

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட, பாய் பேனாவுக்குக் கை நீட்டினார். கண் மட்டும் கிண்ணத்தை விட்டு நகரவில்லை.

"நான் எங்க முதல் ஆள், ஷம்ஷாத்? எனக்கு முன்னாடி இது போயிட்டு வந்திருக்கு பாரு."