பதுங்கிய கற்பூரம்

ஒரு வீட்டுக் கற்பூர டப்பாவுக்குள் கெட்டிக்காரக் கற்பூரம் ஒன்று இருந்தது. மூடி திறந்து விரல்கள் உள்ளே வந்தால் போதும், மற்ற கட்டிகளுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அகப்பட்டவையெல்லாம் தட்டில் எரிந்து முடிய, இது மட்டும் "தப்பிச்சேன்டா சாமி!" என்று பெருமூச்சு விடும்.

கடைசியில் அதற்குத் துணையாக மிஞ்சியது, கற்பூரம் கரையாமலிருக்க வீட்டுக்காரம்மா போட்டுவைத்த ஒரு மிளகுதான்.

ஒரு நாள் கற்பூரம் புரண்டு படுத்தது. எங்கேயும் இடிக்கவில்லை.

"மிளகண்ணே, டப்பா பெருசாயிடுச்சா?"

"டப்பா அப்படியேதான் இருக்கு. நீதான் என் அளவுக்கு வந்துட்டே."

"என்னை யாரும் கொளுத்தவே இல்லையே!"

"நானும் முடிஞ்சவரைக்கும் பிடிச்சுத்தான் வச்சேன். காத்து கொண்டுபோயிடுச்சுடா."

அன்று அந்தியில் மூடி திறந்தது.

"தீர்ந்துபோச்சு போலிருக்கே" என்று வீட்டுக்காரம்மா மூடப் போனாள். பதுங்கியே பழகிய கற்பூரம் விழுந்தடித்து உருண்டுவந்து அவள் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது.

"அட, இத்துனூண்டு இருக்கு. பத்திக்குமா?"

கற்பூரத்துக்கு உயிர் கையில் இல்லை. நல்லவேளை, தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

குப்பென்று பற்றிக்கொண்டது. எதிரே அம்மாவின் மூக்குத்தி பளிச்சிட்டது. பின்னால் ஒரு சுவர், சுவரில் மாலை போட்ட படங்கள், ஜன்னல், அதற்கு அப்பால் ஒரு வேப்பமரம்!

"ரொம்பச் சுடுதாடா?" என்று டப்பாவிலிருந்து மிளகு கேட்டது.

"சித்த இருண்ணே," என்றது கற்பூரம். "வேடிக்கை பார்த்துக்கிட்டிருக்கேன்."