ஏகமனதாக

தொண்டு நிறுவனத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுக்கும் முகாம் ஏற்காட்டில் நடந்தது. கூட்டங்களில் தங்களைப் போலவே பேசும் செயற்கை நுண்ணறிவு நகல்களை மையப் பொறுப்பாளர்கள் எல்லோரும் அனுப்பியிருந்தார்கள். ஓமலூர் டயாலிசிஸ் மையத்தை நடத்தும் ஜெசிந்தா மட்டும், நகலை அனுப்பியும் மனம் கேட்காமல், பேருந்து ஏறி நேரில் வந்தார்.

அரங்கில் ஒருங்கிணைப்பாளர் தயாளன் தனியாக உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காலையிலயே முடிஞ்சிருச்சேம்மா. ஓமலூர மூடுறோம். ஏகமனதா."

"நான் எப்ப சார் ஒத்துக்கிட்டேன்?"

"உங்க நகல் ஒத்துக்கிச்சு. இத்தன வருஷமா கூட்டத்துல நீங்க பேசினத வச்சுத்தான அதச் செஞ்சது? ஒரு தடவையாவது மறுத்துப் பேசியிருக்கீங்களா?"

பேசியதில்லை. கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, ஊர் திரும்பியதும் தன் இஷ்டப்படி மையத்தை நடத்துவார். எல்லா மையங்களிலும் அதுதான் வழக்கம். அது எந்தப் பதிவிலும் இல்லை.

"இப்ப மறுக்கிறேன் சார். இனி நோயாளிங்க சேலத்துக்குத்தான் போகணும். பாதிப் பேர் போக மாட்டாங்க. செத்துருவாங்க."

தயாளன் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே இருந்த கணினித் திரையைத் தொட்டார்.

"நல்ல பாயின்ட். உங்க நகல்ல சேர்த்துட்டேன். அடுத்த முகாம்ல இத அழுத்தமாச் சொல்லும்."

"மையத்த மூடிட்டா எனக்கு வேலையே இல்ல. அடுத்த முகாமுக்கு என்னை யார் கூப்பிடுவா?"

"நீங்க எதுக்கும்மா அலையணும்?" என்றார் தயாளன். "நகலத்தான் வச்சுக்கிறோமே."