பன்னிரண்டாவது டாங்கி

“ஒரே காலையில பதினோரு டாங்கி! ஒண்ணுகூட மிஞ்சலை!” என்று பெண்ணின் அப்பா மேசையைத் தட்டியதில் தேநீர்க் கோப்பைகள் குலுங்கின.

சம்பந்தம் பேச வந்த தச்சர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்று பதக்கங்கள். பெண்ணின் அப்பா சண்டையில் விமானி. தாழப் பறந்து, தரையில் நிற்பதை அடிக்கிற வேலை. தச்சரோ அதே சண்டையில் எதிர்ப்பக்கம். சண்டை ஓய்ந்து, எல்லை திறந்து, இவர் பையனும் அவர் பெண்ணும் ஒரே பட்டறையில் பஸ் பழுது பார்த்து, ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துப்போய், இரண்டு வீடும் சரி என்று சொல்வதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

படி ஏறும்போதே மனைவி சொல்லியிருந்தாள்: “சண்டைப் பேச்சு வந்தா வாயைத் திறக்காதீங்க. உங்க வாயால என் பிள்ளை கல்யாணம் கெட்டுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்.”

திறக்கவில்லை. அரை மணி நேரமாகத் திறக்கவில்லை. விமானிக்கோ வந்தவர்கள் எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது.

“மூணு வருஷத்துல எழுபது தடவை போனேன். மரத்து உச்சி விமானத்து வயித்துல உரசும். இறங்கினா ஓட்டை எண்ணவே தனியா ஒரு ஆள் வேணும். ஆனா சேர்ந்த முதல் வாரமே அடிச்சேனே இந்தப் பதினொண்ணு, அதுக்குத்தான் நடுவுல இருக்கிற பெரிய பதக்கம்.”

“போதும்ப்பா, அவங்க எழுந்து ஓடிடப் போறாங்க” என்றாள் பெண்.

“இரும்மா, இப்பதான் முக்கியமான இடம். ஆத்தங்கரையில வரிசையா நிக்குது. விட்டேன் பாருங்க, பதினொண்ணும் குப்புனு பத்திக்கிச்சு!”

“பன்னண்டுங்க” என்றார் தச்சர். “கடைசி ஒண்ணு பத்தலை. பச்சைப் பலகை. காயறதுக்குள்ள அனுப்பு அனுப்புன்னு உயிரை வாங்கிட்டாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மேசைக்கடியில் மனைவி தொடையைக் கிள்ளினாள். கிள்ளி என்ன பிரயோசனம்?

“பலகையா?” என்றார் விமானி.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தச்சர் எழுந்து நின்றார்.

“மன்னிச்சுக்கங்க ஐயா. அது அத்தனையும் மரம். மேலேருந்து பார்த்தா நிஜ டாங்கி மாதிரி தெரியணும்னு என்னைச் செய்யச் சொன்னாங்க. சக்கரம் வரைக்கும் நான் இழைச்சதுதான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. சின்னஞ்சிறுசுங்க என்ன பண்ணுச்சு? அதுங்களை மட்டும் பிரிச்சிடாதீங்க.”

பையன் முகம் வெளுத்தது. பெண் அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டாள். விமானி குனிந்து தரையையே பார்த்தார். தோள் குலுங்கியது. ஐயோ, பெரிய மனுஷனை அழ வைத்துவிட்டோமே என்று தச்சர் பதறினார்.

விமானி நிமிர்ந்தார். சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“உட்காருங்க சம்பந்தி! மரம்னு முதல் சுத்துலயே எனக்குத் தெரியும். கீழே ஒருத்தன் அவ்வளவு பெரிய பீரங்கிக் குழாயை ஒத்தை ஆளா தோள்ல வெச்சுக்கிட்டு ஓடினான்!”

“அது நான்தாங்க” என்றார் தச்சர்.

“நீங்க தோப்புக்குள்ள போய்ச் சேரட்டும்னு இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் அடிச்சேன். அன்னியிலேருந்து சண்டை முடியற வரைக்கும், மரத்துல செஞ்சது எங்க நிக்குதுன்னு தேடித் தேடி அதைத்தான் அடிச்சேன். உள்ளே யாரு பெத்த பிள்ளையும் இருக்கமாட்டான் பாருங்க!”