ரெண்டு நிமிஷ ப்ரோக்ராம்

இதை எனக்கு முதலில் சொன்னது என் மகள் லிபியா. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயிலில் இருந்து நடந்து வரும்போது சொன்னாள். ஓசூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவள் ரிசப்ஷனில் இருக்கிறாள்.

அன்றைக்கு பாரூர் மாரம்மா என்று ஒருவர் அவளிடம் வந்து நின்றாராம். தலையில் இருந்த கட்டிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, மறு ஸ்கேனுக்குத் தனியாக வந்தவர்.

"ஏம்மா, இன்னும் எவ்ளோ நேரம்? உங்க கம்ப்யூட்டர் பொட்டி தூங்கிடுச்சா?"

"கேட்டுட்டு வரேம்மா" என்று லிபியா உள்ளே போனாள்.

உள்ளே ஒரே சண்டை.

"என்ன மேடம் இது? என் ப்ரோக்ராம் ரெண்டு நிமிஷத்துல வேலையை முடிச்சிடுது. நீங்க ஆளுங்களைப் பாதி நாள் உக்கார வெக்கிறீங்க!"

கத்தியது எட்சன். அந்த சென்டருக்குக் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தவர்.

பழைய ஸ்கேனையும் புது ஸ்கேனையும் கோணாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால்தான், கட்டி வளர்ந்ததா கரைந்ததா என்று டாக்டருக்குத் தெரியும். இப்படிப் பொருத்த முன்பெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் திணறுமாம். ரவிக்கைக்கு முதலில் நூலோட்டிவிட்டு அப்புறம் மெஷினில் அடிப்போமே, அதுபோல எட்சனின் ப்ரோக்ராம் படத்தைச் சின்னதாக்கி மேலோட்டமாகப் பொருத்திவிட்டு, பிறகு பெரிதாக்கி நுணுக்கமாகப் பொருத்தும்.

அந்தப் பெருமையோடு வந்த மனிதருக்கு, டெக்னீஷியன் நிகத் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது பொறுக்கவில்லை.

"படம் எப்பவோ ரெடி. டாக்டருக்கு ஏன் அனுப்பல?"

நிகத் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"அனுப்பினா உடனே கூப்பிட்டுச் சொல்லிடுவார். அந்தம்மா தனியா வந்திருக்காங்க சார். அவங்க மகளுக்குக் கம்பெனில ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், இப்பதான் முடியுது. நான் போன் பண்ணிட்டேன். கம்பெனி பஸ்ல வந்து இங்கயே இறங்கிக்கறேன்னு சொல்லியிருக்கா."

எட்சனின் குரல் இறங்கியது. "கெட்ட சேதியா?"

"தெரியாது. நான் படத்தைத் திறக்கவே இல்ல. பாத்தா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். தனியா வர்ற எல்லாருக்கும் இப்படித்தான். கெட்டதுக்கு மட்டும் காக்க வெச்சா, காக்க வெச்சதுமே அவங்களுக்குப் புரிஞ்சிடாதா? முன்னெல்லாம் பொட்டியே நேரம் குடுத்துச்சு. நீங்க வந்து கெடுத்துட்டீங்க!"

எட்சன் கதவைத் திறந்தார். எதிரிலேயே மாரம்மா.

"தம்பி, நீதான் பொட்டி ரிப்பேர் பாக்கற ஆளா? என்னா கோளாறு?"

எட்சன் தலையைச் சொறிந்தார்.

"பொட்டி நல்லாதாம்மா இருக்குது. நான் எழுதின ப்ரோக்ராம்தான் தப்பு. ரொம்ப மந்தம்."

லிபியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் இடத்துக்கு ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பஸ் வந்து நின்றது. கம்பெனி சீருடையோடு மகள் ஓடி வந்தாள். நிகத் படத்தை அனுப்பினாள். டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

வெளியே வரும்போது தாயும் மகளும் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மாரம்மா நேரே எட்சனிடம் போனார்.

"கட்டி பாதிக்கு மேல கரைஞ்சிடுச்சாம் தம்பி! நீயும் மனசு விடாத. அந்த ப்ரோக்ராமை வெவரம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாச்சும் காட்டி சரி பண்ணிக்க."

"சரிங்கம்மா" என்றார் எட்சன், மிகவும் பணிவாக.

நீங்களும் ஸ்கேன் முடிவு கேட்கப் போனால், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.